புள்ளிக்கோழிக்குச் சொன்னது

மார்ச் 10, செவ்வாய்

உரக்கடையில் கொடுத்தார்கள் என்று இவர் இந்த டைரியைக் கொண்டுவந்து போட்டு இரண்டு மாதம் ஆகிறது. திறந்தால் முதல் பக்கத்திலேயே பூச்சிமருந்துப் படம். சும்மா கிடக்கிறதே என்று எடுத்தேன். இன்றைய வயிற்றெரிச்சலை எங்கேயாவது இறக்கிவைத்தாக வேண்டும்.

என் கருங்கோழியை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. பட்டப்பகலில், இவர் கயிற்றுக்கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே. கேட்டால், "எந்திரிக்கறதுக்குள்ள ஓடிருச்சு" என்கிறார். அது கடைசியாக இட்ட ஒன்பது முட்டை அரிசிப் பானையில் இருக்கிறது. அடை வைக்கக் கோழி இல்லை. என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு, "ஆம்லெட் போடு" என்றார். இந்த மனிதரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதற்கு எனக்கு அரசாங்கம் ஏதாவது பார்த்துச் செய்ய வேண்டும்.

முன்பெல்லாம் இப்படி ஒன்று நடந்தால் எழுதிக்கொண்டு உட்கார வேண்டிய அவசியம் இல்லை. சரி, அது எதற்கு இப்போது.

மார்ச் 11, புதன்

அநியாயத்தைக் கேட்பார் இல்லை. பக்கத்து வீட்டுப் புள்ளிக்கோழி அடைக்கு வந்திருக்கிறது. வந்த கோழி தன் வீட்டில் உட்காரக்கூடாதோ? என் மாட்டுக்கொட்டகையில், வைக்கோல் போட்டிருக்கும் உடைந்த சிமென்டுத் தொட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. விரட்டப்போனால் உடம்பை உப்பிக்கொண்டு கொத்த வருகிறது.

பக்கத்து வீடு என்று எழுதினேன். போன சித்திரை வரைக்கும் அதுவும் இதே வீடுதான். என் கொழுந்தன் குணசேகரும் அவர் பெண்டாட்டி மலர்க்கொடியும் இருக்கிற பாதி. பாகம் பிரித்தபோது கொட்டகைப் பக்கம் இரண்டடி எங்களுக்குக் கூட வந்துவிட்டது. "அக்காவுக்கு எப்பவும் பெரிய பங்கா எடுத்துத்தான் பழக்கம்" என்று நாலு பேர் நடுவில் சொன்னாள் அவள். பதினேழு வருஷம் ஒரே அடுப்பில் உலை வைத்தவள் சொல்கிற பேச்சா இது? பதிலுக்கு நானும் ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. கொல்லையில் சுவர் வைத்தார்கள். செங்கல் பற்றாமல் மார்பளவோடு நின்றுவிட்டது. ஆண்கள் இரண்டு பேரும் மறுநாளே சேர்ந்து டீக்கடைக்குப் போனார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

கோழிக்கு வருகிறேன். உட்கார்ந்ததுதான் உட்கார்ந்தது என்று என் ஒன்பது முட்டையையும் அதன் வயிற்றுக்கடியில் தள்ளிவிட்டேன். இவர் போய்த் தம்பியிடம் பேசி, "வாரத்துக்கு வச்சுக்கலாம்" என்று முடித்துவிட்டு வந்தார். கோழி அவர்களுடையது, முட்டை என்னுடையது, பொரிக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. ஊரில் எல்லோரும் செய்வதுதான். எனக்குச் சம்மதமா என்று என்னை யாரும் கேட்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போனால் சுவருக்கு அந்தப் பக்கம் ஜாடைப் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"ஏ புள்ளி, சொந்த வூட்டுல எடமில்லாத மாரி அடுத்த வூட்டுல போயி ஒக்காந்திருக்கியே, வெக்கமா இல்ல? தொட்டியோரமா எறும்பு சாரசாரையா போவுதே, அதாச்சும் கண்ணுக்குத் தெரியுதா?"

எறும்பு இருந்ததுதான். தொட்டியைச் சுற்றி மஞ்சள்தூள் போட்டேன். அவள் சொன்னதற்காக இல்லை, நானே பார்த்தேன். கோழியைப் பார்த்து நானும் சத்தமாகச் சொன்னேன்: "எறும்பு கடிச்சா எந்திரிச்சுப் போவத் தெரியாதா ஒனக்கு? அதுக்கும் ஆளுங்க எட்டிப் பாத்து சொல்லணுமா?"

சுவர் அடங்கிவிட்டது. மனசுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது.

மார்ச் 18, புதன்

செல்போன் வெளிச்சத்தில் முட்டைகளைப் பார்த்தேன். ஒன்று கூமுட்டை. எட்டில் சிவப்பாக நரம்பு ஓடுகிறது. இவரைக் கூப்பிட்டுக் காட்டினால், "ஒண்ணும் தெரியலயே" என்கிறார், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு.

"எட்டும் நல்லாருக்கு" என்று கோழியிடம் சொன்னேன். கொஞ்சம் உரக்கச் சொல்லியிருப்பேன் போல. அந்தப் பக்கம் துணி துவைக்கிற சத்தம் நின்று, பிறகு மறுபடி கேட்டது.

மார்ச் 24, செவ்வாய்

இன்றைக்குக் கோழியிடம் அவள் சொன்னது இது. ஒரு எழுத்து விடாமல் எழுதுகிறேன்.

"ஏ புள்ளி, சித்திர பொறந்து மறுவாரம் நாங்க திருப்பூரு போறோம். அவருக்கு பனியன் கம்பெனியில வேல சொல்லியாச்சு. லைன் வூடு. கோழியெல்லாம் வச்சுக்க வுட மாட்டாங்களாம். இந்த வூட்ட வித்துரலாம்னு சொல்றாரு. ஒன்ன என்ன பண்றதுன்னுதான் தெரியல."

போகட்டும். மகராசியாகப் போகட்டும். எனக்கும் நிம்மதி. தண்ணீர் மொள்ளப் போனால் முதுகில் ஒரு பார்வை, துணி காயப்போட்டால் ஒரு பார்வை என்று இல்லாமல் இருக்கலாம்.

இவரிடம் கேட்டேன். போன மாதமே தெரியுமாம். "நீங்கதான் பேசிக்கறது இல்லையே, ஒனக்கு எதுக்கு சொல்லணும்னு வுட்டுட்டேன்" என்கிறார். இவர் தலையில் கொட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

சோறு இறங்கவில்லை. கத்தரிக்காய் கசப்பு.

மார்ச் 28, சனி

கோடை மழை. இடி இடித்தது. அடை முட்டை இடிச் சத்தத்தில் கலங்கிப்போகும், இரும்பு வைக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை.

"ஏ புள்ளி, பக்கத்துல ஒரு இரும்புத் துண்டாச்சும் இருக்கா?" என்று மழையில் நனைந்துகொண்டு கத்துகிறாள் அவள். சளி பிடித்தால் யார் பார்ப்பது?

பழைய பண்ணரிவாள் ஒன்று வழியில் கிடந்தது. காலில் பட்டுவிடப் போகிறதே என்று எடுத்துத் தொட்டி வைக்கோலில் செருகினேன்.

ஏப்ரல் 1, புதன்

பொரிக்க ஆரம்பித்துவிட்டது. விடிந்ததிலிருந்து கோழியின் இறகுக்கடியில் கீச்சு கீச்சென்று சத்தம். மாலைக்குள் ஆறு. நாலு கருப்பு, இரண்டு சாம்பல். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, இவர் வந்து அணைத்தார். அதற்கு ஒரு பேச்சு வாங்கினேன்.

ஏப்ரல் 2, வியாழன்

என் கெட்ட நேரம். புள்ளிக்கோழி ஆறு குஞ்சையும் கூட்டிக்கொண்டு எழுந்துவிட்டது. தொட்டியிலிருந்து இறங்கி, சுவர் மூலையில் இருக்கிற சந்து வழியாக நேராக அவள் வீட்டுக்குப் போய்விட்டது. மீதி இரண்டு முட்டை அப்படியே கிடக்கிறது. இரண்டிலும் ஓட்டை விழுந்து மூக்கு தெரிகிறது. ஒருநாள் பொறுக்கக்கூடாதா அந்தக் கோழிக்கு? பொறுமையில்லாத ஜென்மம்.

முட்டைகளை அடுப்படிக்கு எடுத்துவந்தேன். ஒரு முட்டையில் குஞ்சு தலையை அசைப்பது தெரிந்தது. சரி, நாமே வெளியே எடுத்துவிடலாம் என்று அவித்த முட்டையை உரிப்பதுபோல ஓட்டை உரித்தேன். பாதி உரிப்பதற்குள் ரத்தம். தோலில் ஓடுகிற நரம்பு கிழிந்துவிட்டது. வயிற்றோடு மஞ்சள்கரு பிதுங்கி வெளியே தொங்கியது. "ஐயோ" என்று கத்தினேன். கொஞ்ச நேரம் கையில் துடித்துவிட்டு அடங்கிவிட்டது.

அது எப்படியும் செத்திருக்கும். பலவீனமான குஞ்சு. இவர்கூட அப்படித்தான் சொன்னார்.

முருங்கை மரத்தடியில் புதைத்தேன். அந்தப் பக்கம் ஜாடைப் பேச்சு எதுவும் இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

இன்னொன்றும் இந்நேரம் செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் அடுப்படிக்குப் போனேன். காதருகே வைத்துப் பார்த்தால் உள்ளேயிருந்து மெல்லக் "கீச்" என்கிறது. நேற்றுப் பார்த்த அதே ஓட்டைதான், ஒரு அரிசியளவுகூடப் பெரிதாகவில்லை. ஓட்டுக்குள் இருக்கிற வெள்ளைத்தோல் காய்ந்து காகிதமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோழி எழுந்து போனதில் ஈரமெல்லாம் போய்விட்டது. கை வைக்கவும் பயமாக இருக்கிறது, சும்மா இருக்கவும் முடியவில்லை.

முட்டையைச் சட்டியில் துணி போட்டு வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். சூடு வேண்டுமே. சுவரோரம்தான் வெயில் நன்றாக விழும்.

"ஏ முட்ட," என்றேன், "வந்தா வெளிய வா, இல்லன்னா உள்ளயே கெட. பாதியில நின்னுக்கிட்டு என் உசுர எடுத்தா நான் என்னதான் பண்றது? தோலு காஞ்சு போச்சு. பிச்சு வுடறதா வேண்டாமா?"

அந்தப் பக்கம் பெருக்குமாறு நின்றது.

"ஏ புள்ளி! பிச்சு கிச்சு வச்சிராத. நேத்து ஒண்ணு போனது பத்தாதா?"

எனக்குச் சுருக்கென்றது. சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்று திரும்பினேன். அதற்குள் குரல் இறங்கி வந்தது.

"வெதுவெதுன்னு தண்ணியில பஞ்ச நனச்சு, அந்தத் தோல மட்டும் ஈரம் பண்ணணும். மூக்குல தண்ணி பட்டுரக் கூடாது, மூச்சு முட்டிப் போயிரும். ஈரம் பண்ணிட்டு வுட்டுரணும். அது கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்."

அவள் கோழியோடு அவள் பேசுகிறாள், நமக்கென்ன. எனக்கும் அதே யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது. போய்ப் பஞ்சு எடுத்து வந்தேன்.

ஈரம் பட்டதும் தோல் கண்ணாடியாகத் தெளிந்து உள்ளே நரம்பு தெரிந்தது. நகத்தால் ஓட்டில் ஒரு துணுக்கு எடுத்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு துணுக்கு. முள் குத்தினாற்போல் ஒரு பொட்டு ரத்தம்.

"ரத்தம் வருது!" என்று முட்டையிடம் கத்தினேன்.

"கைய எடு! கைய எடு புள்ளி! ரத்தம் வந்தா அது இன்னும் தயாராவலன்னு அர்த்தம். மஞ்சக்கரு இன்னும் வயித்துக்குள்ள போயிருக்காது. மஞ்சத்தூள ஒத்தி, ஈரத்துணியப் போட்டு மூடிட்டு வேற வேலயப் பாரு. சும்மா சும்மா தொறந்து பாக்காத. ஒனக்கு அந்தக் கெட்ட புத்தி உண்டு, எனக்குத் தெரியும்."

அந்தக் கோழிக்கு அப்படி ஒரு புத்தி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் மூடி வைத்தேன்.

வேறு வேலை பார்க்க வேண்டுமாம். என்ன வேலை பார்ப்பது? பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடி தேய்த்தேன். இவர் வந்து, "என்ன கொழம்பு?" என்று கேட்டார். பார்த்த பார்வையில் தானாகவே போய்ப் பழையது போட்டுச் சாப்பிட்டார். நடுவில் எத்தனை தடவை சுவரோரம் போனேன், எத்தனை தடவை "ஏ முட்ட, இருக்கியா?" என்று கேட்டேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்திலிருந்து, "ஏ புள்ளி, பொறு" என்று ஒரே பதில். எரிச்சலாக வந்தது. ஆனால் அந்தப் பதில் வராமல் நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

வெயில் தாழும்போது துணியை விலக்கினால் ஓடு வட்டமாக வெட்டுப்பட்டிருக்கிறது. நான் எடுக்கவில்லை, அதுவே வெட்டியிருக்கிறது. கடைசியாக ஒரு உதை. ஓடு இரண்டாகப் பிரிந்து ஈரமாக, அழுக்குத் துணி மாதிரி ஒரு பிண்டம் சட்டியில் விழுந்தது. கருப்பு.

"வந்துருச்சு!" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மழையில் நனைந்ததில் சளி பிடித்திருக்கும்.

ஏப்ரல் 4, சனி

சனியன், நிற்கமாட்டேன் என்கிறது. காலிரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்துகொண்டு தரையில் பரக்கிறது. அட்டைப்பெட்டியில் குண்டு பல்பைக் கட்டித் தொங்கவிட்டு, அடியில் செய்தித்தாளைப் போட்டிருந்தேன்.

"கொல்லையில வெயிலு" என்று அதைத் தூக்கிக்கொண்டு போனேன். இவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

"ஏ புள்ளி, காகிதத்துல வுட்டா வழுக்கத்தான் செய்யும். சாக்குத்துணி போடணும். காலு ரெண்டையும் கொஞ்சம் எடவெளி வுட்டு கம்பளி நூலால எட்டு மாரி சுத்திக் கட்டு. இறுக்கிராத. மூணு நாலு நாள்ல நேராயிரும்."

கட்டினேன். குச்சியில் வெல்லத்தண்ணீர் தொட்டு மூக்கோரம் வைத்தேன். ஒரு சொட்டு குடித்துவிட்டு என்னை முறைக்கிறது. இவ்வளவு செய்கிறேன், அந்த முறைப்பைப் பார்க்கணுமே!

ஏப்ரல் 8, புதன்

கட்டு அவிழ்த்தாயிற்று. நிற்கிறது, கொஞ்சம் வலதுபக்கம் சாய்ந்து. இனிமேலாவது தாயிடம் போகட்டும் என்று சந்து வழியாக விட்டேன். புள்ளிக்கோழி வந்து ஒரு கொத்து கொத்தியது பாருங்கள், தலையில் தோல் பெயர்ந்துவிட்டது. தான் அடைகாத்ததையே தெரியாத கோழி எந்த ஊரில் உண்டு!

"ஏ புள்ளி, ஒனக்கு மனசாட்சியே இல்லயா?" என்று அந்தப் பக்கம் அவளும் கத்தினாள். இந்தத் தடவை உண்மையிலேயே கோழியைத்தான் திட்டினாள் என்று நினைக்கிறேன்.

மறுபடி அட்டைப்பெட்டி. மறுபடி பல்பு. அவித்த மஞ்சள்கரு, ஊறவைத்த நொய். பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்துக்கொள்கிறது, வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைக்க வேண்டும். இந்த வயதில் எனக்கு இந்த உத்தியோகம்.

ஏப்ரல் 11, சனி

அவர்கள் இரண்டு பேரும் திருப்பூருக்கு வீடு பார்க்கப் போயிருக்கிறார்கள். கோழிக்குத் தீனி போடச் சொல்லி இவரிடம் சாவியைக் கொடுத்திருக்கிறார் கொழுந்தன். கொல்லை நிம்மதியாக இருக்கிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு

குஞ்சு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறது. நொய்யைத் தொடவில்லை. சுவரோரம் போய், "ஏ குஞ்சு, ஒனக்கு என்னதான் பண்ணுது?" என்றேன். பழக்கதோஷம். அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கிறது.

கரண்ட் வேறு போய்விட்டது. பல்பு இல்லை. முந்தானையில் சுருட்டி நெஞ்சோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுப்பு வேலை அப்படியே கிடக்கிறது. இவர் இருக்கிறாரே, "செத்தாப் போவுது வுடு, இன்னும் ஆறு இருக்குல்ல" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு, "ஆமா, ஒண்ணு போனா ஒண்ணு இருக்கு ஒங்களுக்கு! வூடு போனா வூடு, ஆளு போனா ஆளு!" என்று கத்திவிட்டேன். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு இவரே டீக்கடையில் சுடுதண்ணீர் வாங்கிப் பாட்டிலில் அடைத்து, துணி சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். வெல்லத்தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பாதி என் மடியில்தான் சிந்தியது.

ஏப்ரல் 13, திங்கள்

பிழைத்துக்கொண்டது. காலையில் என் வளையலைக் கொத்தி எழுப்புகிறது. இதை யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. இவரிடம் சொன்னேன். "ம்" என்றார்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப்பிறப்பு. அவர்கள் வந்துவிட்டார்கள். பாயசத்துக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருக்கும்போது கொல்லையில் குரல் கேட்டது. "ஏ புள்ளி, எல்லாம் நல்லாருக்கா? அந்தக் கடசிக் குட்டி?"

"ஏ குஞ்சு, ரெண்டு நாளா சாவக்கெடந்து பொழச்சியே, கேக்க நாதியிருந்துச்சா ஒனக்கு?" என்றேன்.

"ஏ புள்ளி, திருப்பூருல ஒரே சத்தம். தூக்கமே வரல" என்றாள்.

ஏப்ரல் 17, வெள்ளி

இவளுக்கு எவ்வளவு திமிர் இருந்தால் இப்படிச் செய்வாள்! வாரப்படி ஏழு குஞ்சு. ஆளுக்கு மூன்று, கூட ஒன்று. பேசித் தீர்க்க வேண்டியது. காலையில் பார்த்தால் புள்ளிக்கோழியையும் ஆறு குஞ்சையும் கூடையோடு சுவர்மேல் வைத்து என் பக்கம் இறக்கிவிட்டிருக்கிறாள். "எல்லாம் அங்கயே கெடங்க. வாரமும் கெடயாது ஒண்ணும் கெடயாது."

யாருக்கு வேண்டும் இவள் பிச்சை? பெரிய பங்கு எடுக்கிறவளுக்கு முழுப் பங்கையும் கொடுத்துக் குத்திக்காட்டுகிறாளா? மூன்று குஞ்சை எண்ணி எடுத்துக்கொண்டு, கோழியையும் மற்ற மூன்றையும் கூடையில் போட்டு அந்தப் பக்கம் இறக்கினேன். அரைமணியில் கூடை மறுபடி இந்தப் பக்கம் வந்தது. நான் மறுபடி அந்தப் பக்கம். கடைசியில் கொழுந்தன் வந்து, "அண்ணி, கோழிக்குக் கிறுகிறுப்பு வந்துரும்" என்று கும்பிட்டார். கூடை என் பக்கம் நின்றுவிட்டது. திருப்பூரில் வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் காரணமாம். அதை முதலிலேயே மனுஷ பாஷையில் சொன்னால் என்ன?

சாய்ந்து நடக்கிற குஞ்சு தானாகவே போய் அந்த ஆறோடு சேர்ந்துகொண்டது. நான் தடியோடு காவல் நின்றேன். புள்ளிக்கோழி ஒருதரம் உற்றுப் பார்த்தது, கொத்தவில்லை. பாவி, இத்தனை நாள் கழித்து இன்றைக்குத்தான் கண் தெரிந்ததா?

ஏப்ரல் 20, திங்கள்

வீடு பார்க்க யாரோ வந்தார்கள். மோட்டார் சைக்கிள் வைத்த ஆள். கொல்லைச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்து, "இத ஒசத்திக் கட்டிரலாம்" என்றான். இவன் யார் என் சுவரை உயர்த்துவதற்கு? வாசலில் கோலம் போடுகிற சாக்கில் அவன் வண்டிச் சக்கரத்தருகே தண்ணீரை ஊற்றிச் சேறாக்கிவிட்டேன்.

நாளை மறுநாள் கிளம்புகிறார்கள். ஒன்று போய்ச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் சும்மா இருக்கவேண்டும். நான் ஏன் போய்ப் பேச வேண்டும்? மூத்தவள் நான். அவள் வரட்டும்.

ஏப்ரல் 21, செவ்வாய்

வரவில்லை.

ஏப்ரல் 22, புதன்

காலையிலேயே டெம்போ வந்துவிட்டது. கட்டில், பீரோ, மிக்சி, சைக்கிள் எல்லாம் ஏறியது. இவர் தம்பிக்கு ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தார். நான் வாசல் பக்கமே போகவில்லை. கொல்லையில் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். புள்ளிக்கோழி என் காலடியில் குஞ்சுகளோடு கிளறிக்கொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். புதுப்புடவை. நான் நிமிரவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஏ புள்ளி," என்று ஆரம்பித்தாள். "நாங்க கெளம்புறோம். நேரத்துக்குத் தின்னு. வெயில்ல ரொம்ப அலயாத."

கோழி மண்ணைக் கிளறியது.

"யாராச்சும் ஒரு வார்த்த சொல்லிட்டா அதையே நெனச்சுக்கிட்டுப் பட்டினி கெடக்காத. மொழங்காலு வலிச்சா தைலத்தத் தேச்சுக்கிட்டு ஒக்காரு, குத்தவச்சு வேல செய்யாத. அப்பறம், ராத்திரியில கரண்டு வந்துருச்சுன்னு தனியா கெணத்து மோட்டாரு போட ஓடாத. போன மாசம்கூட ஓடுன, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வரப்புல பாம்பு கெடக்கும். மாமாவ எழுப்பி அனுப்பு."

கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு அளவுதானே எதற்கும்? குடத்தைக் கீழே போட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்துவிட்டது.

"கோழி எதுக்குடி மோட்டார் போடப் போவுது?"

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. நேராக அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். ஒரு வருஷத்தில் முதல் தடவை. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது, துடைக்கவில்லை.

"கோழி போவாதுக்கா," என்றாள். "நீதான் போவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை. சுவரைத் தாண்டுகிற வயதா எனக்கு? வாசலைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். டெம்போவையும் இவரையும் கொழுந்தனையும் தள்ளிவிட்டு அவள் வீட்டுக்குள் நுழைந்தேன். காலி வீடு. அவள் அதற்குள் கொல்லையிலிருந்து ஓடிவந்து நடுக்கூடத்தில் நின்றாள். கையைப் பிடித்துக்கொண்டோம். "கூறுகெட்டவளே, ஒரு வருஷம்டி" என்றேன். "நீ மட்டும் என்னவாம்" என்றாள். அன்றைக்கு நான் சொன்னது, அவள் சொன்னது, கருங்கோழி செத்தது, திருப்பூர் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராதது, இவருக்குக் காது மந்தமானது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக, யார் பேசுகிறோம் என்றே தெரியாமல் பேசினோம். பாதி பேசுவதற்குள் டெம்போக்காரன் ஹாரனை அடித்தான். மறுபடியும் அடித்தான்.

"நேரமாவுது, சீக்கிரம் வாங்கம்மா!" என்று கத்துகிறான். ஒரு பத்து நிமிஷம் பொறுக்கக்கூடாதா அந்த ஆளுக்கு?